ஜன்னலைப் பூசிய கொத்தனார்

முத்தரசன் கிரானைட் பட்டறையில் கல் அறுத்தவர். இப்போது மூச்சு முட்டுவதால் சுவரில் சாய்ந்துதான் தூங்க முடியும். பக்கத்தில் படுத்திருந்த மகள் ஆதிரை, "உனக்கு எப்போப்பா சரியாகும்?" என்றாள். அவர் கதை சொன்னார்.

"ஒரு நெஞ்சுக்குள்ள ஒரு ஊரு. ஊரு முழுக்க ஜன்னலு. காத்து வரும், போகும். உஸ்... உஸ்..."

"உன் நெஞ்சா?"

"என் நெஞ்சுதான். ம் கொட்டு."

"ம்."

"அந்த ஊர்ல காவக்காரங்க இருந்தாங்க. திருடன் உள்ள வந்தா லபக்குனு முழுங்கிடுவாங்க. ஜன்னல் உடைஞ்சா விசிலடிப்பாங்க. கொத்தனார் ஓடி வந்து ஓட்டையைப் பூசிட்டுப் போவார். முதல்ல சளிக்கிருமி வந்துச்சு. லபக். ஒரு பூச்சு, சரியாச்சு. அப்புறம் பீடிப்புகை வந்துச்சு."

"அம்மா திட்டுச்சே, அதா?"

"அதேதான். விட்டுட்டேன்ல? ஊரு அதையும் சமாளிச்சுது. அப்புறம் கல்லுத்தூசு வந்துச்சு. தண்ணி விட்டு அறுத்தா தூசு பறக்காது. ஆனா கல்லுல போட்ட அளவுக்கோடு சேத்துல மறைஞ்சுபோகும். அதனால நாங்க எல்லாரும் தண்ணியில்லாமதான் அறுத்தோம்."

"ம்."

"காவக்காரன் தூசை முழுங்கினான். கல்லு செரிக்குமா? டப்! வெடிச்சுச் செத்தான். தூசு அப்படியே வெளிய விழுந்துச்சு. அடுத்தவன் முழுங்கினான். டப்! ஒவ்வொரு சாவுக்கும் விசில். ஒவ்வொரு விசிலுக்கும் கொத்தனார். பூசின மேலயே பூசினார். ஜன்னலெல்லாம் சுவராச்சு."

அவருக்கு மூச்சு வாங்கியது. ஆதிரை காத்திருந்தாள்.

"கொத்தனாரை நிறுத்தச் சொல்லேன்."

"டாக்டர் மாத்திரை குடுத்தார். கொத்தனார் கை கொஞ்சம் மெதுவாச்சு. நிக்கல."

"அப்போ சுரண்டிடு."

"சுரண்டினா காயமாகும். காயம்னா மறுபடி விசில்."

"வேற ஊரு ஜன்னல் வாங்கி வையேன்."

"கேட்டோம். வச்சாலும், திருடன்னு நெனச்சு நம்ம காவக்காரங்களே அடிச்சு நொறுக்குவாங்களாம். அவங்களை அடக்க மருந்து உண்டு. அதைத் தாங்குற தெம்பு இந்த ஊருக்கு இல்லைன்னுட்டாங்க."

"அந்தக் காவக்காரங்க கெட்டவங்கப்பா."

"இல்ல பாப்பா. ஒருத்தன்கூட வேலையில தூங்கல."

"அப்புறம்?"

"அப்புறம் கொத்தனார் கடைசி ஜன்னலையும் வழவழன்னு பூசிட்டு, வேலை முடிஞ்சுதுன்னு கை கழுவுவார். கதையும் அதோட ஆச்சு. கண்ணை மூடு."

ஆதிரை மூடவில்லை.

"சரியாகாதுன்னு நேராவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லிட்டேன்மா," என்றார். "தூங்கு."