வாய்க்காலில் நின்று பேசிய அரசர்

நெடுவயல் நாட்டு அரசர் கொற்றவேலருக்கு ஒரு வியாதி. பேச்சு.

ஆடிப்பெருக்கன்று அவர் பேசி முடித்த பிறகுதான் ஏரி மதகைத் திறப்பார்கள். போன வருஷம் காலையில் ஆரம்பித்தார். சாயங்காலம்தான் விட்டார். ஊரே கரையில் படுத்துக் குறட்டை விட்டது. பட்டத்து யானையும்தான்.

இந்த வருஷம் சபை விகடன் மருதாசலத்தைக் கூப்பிட்டார்.

“நான் பேசும்போது ஒருத்தன் தூங்கக் கூடாது. தூங்கினால் நீ நாட்டை விட்டுப் போக வேண்டியதுதான்.”

“ஆகட்டும் அரசே. பேச்சு எவ்வளவு நீளம்?”

“நம் சடகோப பண்டிதர் எழுதியிருக்கிறார். நாற்பது ஓலை.”

பண்டிதர் புன்னகைத்தார். மருதாசலம் ஊரை விட்டுத் தொலைய வேண்டும் என்பது அவருடைய பத்து வருஷ ஆசை.

மருதாசலம் தலையைச் சொறிந்தான். “பேசுகிறவர் முகம் எல்லோருக்கும் தெரிய வேண்டும் அரசே. சனம் இரண்டு கரையிலும் உட்காரட்டும். நீங்கள் நடுவில், காய்ந்த வாய்க்காலில் நில்லுங்கள்.”

அரசருக்குப் பிடித்துவிட்டது. ஆடிப்பெருக்கன்று வாய்க்காலில் இறங்கி நின்று முதல் ஓலையை எடுத்தார்.

“ஆதியிலே இவ்வுலகம் தோன்றியபோது...”

மருதாசலம் மதகுக்காரனுக்கு ஜாடை காட்டினான். மதகு திறந்தது.

இரண்டாம் ஓலையில் கணுக்கால். மூன்றாம் ஓலையில் முழங்கால். சனம் எழுந்து நின்றுவிட்டது. ஒருவரும் கண் சிமிட்டவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் அரசர் ஓலைக்கட்டை வீசி எறிந்தார்.

“தண்ணீர் வந்தாச்சு. சண்டை போடாமல் பாய்ச்சுங்கள். போய் நாற்று நடுங்கள். யாராவது கை கொடுங்கள்.”

அப்படி ஒரு கைதட்டலை அரசர் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. தூக்கிவிட்டவர்களும் பிடியை விட்டுவிட்டுத் தட்டினார்கள். அரசர் ஒரு முங்கு முங்கி எழுந்தார்.

கரையேறி, வேட்டியைப் பிழிந்துகொண்டே கேட்டார். “யாராவது தூங்கினீர்களா?”

“நான் தூங்கினேன் அரசே.” பண்டிதர் முன்னால் வந்தார். “நல்ல தூக்கம். மருதாசலம் இன்றைக்கே கிளம்பலாம்.”

அரசர் மருதாசலத்தைப் பார்த்தார். “என்னய்யா இது?”

“உண்மையாகத்தான் இருக்கும் அரசே. இத்தனை பேரில் அந்த நாற்பது ஓலையையும் முழுசாகப் படித்தவர் அவர் ஒருவர்தானே.”

அரசருக்குப் புரையேறும்வரை சிரிப்பு. “அந்தத் தூக்கம் கணக்கில் சேராது” என்றார். அங்கேயே மருதாசலத்துக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார்.

ஈரச் சால்வை. அவர் தோளில் கிடந்ததுதான்.