வலது ஓரத்து நூறு ஜி.பி.

“டீச்சர், கொடுத்த பிறகும் ஒருத்தருக்குக் கிடைக்கலைன்னா, அது யார் தப்பு?”

ஜெபக்கனி ஒரு கீபோர்டைக் கவிழ்த்துப் பிடித்துத் தட்டிக்கொண்டிருந்தாள். முறுக்குத் தூள் விழுந்தது. கூடவே ஒரு மூக்குத்தித் திருகும். அவள் திருகை எடுத்து ஒரு கவரில் போட்டு, கீபோர்டுக்கு உரியவரின் பெயரை மேலே எழுதினாள்.

“என்னத்தைக் கொடுத்தீங்க, அண்ணாச்சி?”

“நூறு ஜி.பி.”

“யாருக்கு?”

“கோமதிக்கு.”

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் ஜெபக்கனியின் கடை இருந்தது. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பாள். கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பாள். மாணவர்களில் மூத்தவர் ஆவுடையப்பன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே வந்து சேர்ந்தவர். அவருடைய மூத்த மகளைவிட ஜெபக்கனி சின்னவள். முதல் நாளே அவர் அவளை டீச்சர் என்றார், அவள் அவரை அண்ணாச்சி என்றாள். அப்படியே நிலைத்துவிட்டது.

அவர் வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். போட்டவுடன் கறுப்புத் திரையில் இரண்டு வரி வரும். மேல் வரி லினக்ஸ், அது அவருக்கு. கீழ் வரி விண்டோஸ், அது அவர் மனைவி கோமதிக்கு. ஒரே ஹார்ட் டிஸ்க்கில் குறுக்கே கோடு கிழித்து இரண்டு குடித்தனம். இடது பாதி அவளுடையது, வலது பாதி அவருடையது. கோட்டைக் கிழித்தவர் அவர்தான், ஜெபக்கனியிடம் கற்றுக்கொண்ட புதிதில்.

கோமதி கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு மெஷின் எம்பிராய்டரி போடுகிறவள். மயில், யானை, பொண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்த பல்லக்கு. அதை வரைகிற சாப்ட்வேர் விண்டோஸில்தான் ஓடும். டிசைன்களும், வாடிக்கைக்காரர்கள் அனுப்புகிற வீடியோக்களுமாக அவள் பாதி நிறைந்து வழிந்தது. ஆவணி முகூர்த்தம் நெருங்குகிற நேரத்தில் ஒரு பூவைக்கூடச் சேமிக்க முடியாமல் திரை ‘இடமில்லை, இடமில்லை’ என்றது.

“பேச்சியம்மான்னு அவ சிநேகிதி. சமாதானபுரத்துல கடை வச்சிருக்கா. பின் ரூம்ல நல்ல கம்ப்யூட்டர் சும்மா கிடக்காம். மெஷினைத் தூக்கிட்டு அங்கயே வந்திருன்னு கூப்பிடுதா. வெள்ளிக்கிழமை பதில் சொல்லணும்.”

“போயிட்டு வரட்டுமே. சாயங்காலம் வந்துருவாங்கள்ல?”

“வருவா.” ஆவுடையப்பன் சட்டைப் பொத்தானைத் திருகினார். “மத்தியானம் அந்த மெஷின் ஓடுத சத்தம் இருக்காதே. அது ஓடுனாத்தான் எனக்குத் தூக்கமே வருது.”

ஜெபக்கனி சிரிக்கவில்லை. கீபோர்டைத் திருப்பி வைத்தாள்.

“அதனால கொடுத்துட்டீங்க.”

“நேத்து. நீங்க சொல்லித் தந்தபடிதான். பென் டிரைவ்ல இருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கி, டிஸ்க்குக்கு வெளியே நின்னு, என் பக்கத்தைச் சுருக்கி நூறு ஜி.பி. விட்டேன். ஏட்டி, தந்தாச்சு, எடுத்துக்கோன்னேன். பாத்துட்டு வரலைங்கா. சரியாப் பாருன்னேன். வரலைங்கா. தந்தவன் நான் இருக்கேன், கூசாம இல்லைங்கா, டீச்சர்!”

“வேற என்ன சொன்னாங்க?”

“‘உங்க கணக்குல தந்திருப்பீங்க’ன்னுட்டா.”

ஜெபக்கனி எழுந்தாள்.

“அந்த பெஞ்சுல உக்காருங்க, அண்ணாச்சி.”

சுவரோரம் நீளமான பெஞ்சு. அதன் இடது முனையில் ஓர் இரும்பு பீரோ, வலது முனையில் ஜன்னல். ஆவுடையப்பன் எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார். தன் வலது கைப்பக்கம் பை, ஹெல்மெட், குடை, டிபன் கேரியர் எல்லாவற்றையும் வழக்கம்போல் வரிசையாக வைத்தார். ஜெபக்கனி வந்து அவருக்கும் பீரோவுக்கும் நடுவில் இருந்த சந்தில் தன்னைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“இடிக்குது. கொஞ்சம் இடம் தாங்க.”

அவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஹெல்மெட்டைத் தரையில் வைத்தார்.

“தந்தாச்சு.”

“இடிக்குது.”

குடையை ஜன்னல் கம்பியில் மாட்டினார். கேரியரைக் காலடிக்குக் கொண்டுவந்தார். வலது பக்கம் பெஞ்சு துடைத்துவிட்டதுபோலக் காலியாகிவிட்டது.

“இன்னும் இடிக்குது, அண்ணாச்சி.”

“என்ன டீச்சர் இது? ரெண்டு ஆள் படுக்கலாம், அவ்வளவு இடம் கிடக்கு!”

“எங்க?”

அவர் கையை நீட்டிக் காட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. திரும்பி ஜெபக்கனியைப் பார்த்தார். பீரோவின் கைப்பிடி அவள் தோளில் அழுந்திக்கொண்டிருந்தது.

அவர் கொஞ்சம் நகர்ந்தார். பிறகு இன்னும் கொஞ்சம். கடைசியில் எழுந்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார்.

“அப்பாடா,” என்று ஜெபக்கனி காலை நீட்டினாள். பிறகு எழுந்துபோய் அடுத்த கீபோர்டை எடுத்துக் கவிழ்த்தாள்.

கீழே மருந்துக் கடையில் யாரோ இருமல் டானிக் கேட்பது கேட்டது.

“அவ இடது பக்கம்,” என்றார் ஆவுடையப்பன், ஜன்னலைப் பார்த்தபடி. “நான் விட்டது என் வலது ஓரம். நடுவுல நான்.”

“ம்.”

“அப்ப என் பாதியை மொத்தமா வலது பக்கம் நகர்த்தணும்.”

“ம்.”

“பாதியில கரண்டு போனா?”

“எடுத்தது பாதி, வச்சது பாதின்னு நிக்கும். உங்க பக்கம் மறுபடி எந்திரிக்காது.”

“அவ பக்கம்?”

“அது இருந்த இடத்துலயே இருக்கும்.”

“அப்பச் சரி,” என்றார் ஆவுடையப்பன்.

பேச்சியம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டிய வெள்ளிக்கிழமை முற்பகல் கம்ப்யூட்டரை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். கோமதி முன்னால் ஏறி வந்தாள். பின்னால் வந்த ஆவுடையப்பன் பெட்டியை இறக்கிவிட்டுக் குடையை ஜன்னல் கம்பியில் மாட்டினார். அவள் சேலையில் பல நிறத்தில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

“இவரு உங்ககிட்ட படிக்காரா, இல்ல நீங்க இவருகிட்ட மாட்டிக்கிட்டீங்களா?”

“ரெண்டுந்தான், அக்கா.”

“நல்லாப் பாத்துக்கிடுங்க. வீட்டுல ஒரு வாளியை நகர்த்தி வைக்கச் சொன்னா நாளைக்குங்கிற மனுஷன்.”

ஜெபக்கனி முதலில் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்தாள். கோமதியின் டிசைன்கள் போய் முடிய வெகுநேரம் ஆயிற்று. பிறகு ஆவுடையப்பனின் பக்கத்தைத் திறந்தாள். அது தொடங்கியதுமே முடிந்தது.

“அவ்வளவுதானா?” என்றாள் கோமதி. “எவ்வளவு இருக்கு இவருது?”

“உங்க மயில் ஒண்ணு அளவு வரும், அக்கா.”

“ஒரு மயிலுக்கா பாதி வீட்டை வளைச்சு வச்சிருந்தீங்க?”

“மயில் இல்லட்டி. குறுக்கெழுத்து.”

“யாரு போடுறதுக்கு?”

“நீதான். முன்னெல்லாம் காப்பி குடிக்கும்போது போடுவேல்ல.” அவர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “இப்ப உனக்கு எங்க நேரம். அதான் சேர்த்து வச்சிருக்கேன்.”

கோமதி சேலையிலிருந்து ஒரு நூலை எடுத்து, எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

திரையில் ஒரு நீளப் பட்டை வந்தது. இடது பக்கம் பச்சை, அது கோமதி. அதையொட்டி நீலம், அவர். வலது ஓரத்தில் யாருக்கும் இல்லாத சாம்பல் நிறம்.

ஜெபக்கனி மவுஸை அவர் பக்கம் தள்ளினாள்.

“நீங்களே நகருங்க, அண்ணாச்சி.”

அவர் நீலத்தைப் பிடித்து வலது ஓரம்வரை இழுத்தார். பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் சாம்பல் வந்து நின்றது. சம்மதமா என்று திரை கேட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, சம்மதம் என்றார். வேலை தொடங்கியது. நகர்வதே தெரியாமல் ஒரு கோடு நகர்ந்தது.

மதியம் கடந்ததும் கரண்டு போனது. மின்விசிறி நின்றது. மூலையில் இன்வெர்ட்டர் கூவிவிட்டுப் பொறுப்பேற்றுக்கொண்டது.

“தாங்குமா, டீச்சர்?”

“பழைய பேட்டரி. மத்ததெல்லாம் அணைச்சாத் தாங்கும்.”

விளக்கு, விசிறி, மற்ற கம்ப்யூட்டர்கள், செல்போன் சார்ஜர் என்று ஒவ்வொன்றாக மூன்று பேரும் அணைத்தார்கள். ஓடிக்கொண்டிருந்தது அந்த ஒரு கம்ப்யூட்டர்தான். வியர்வை வழிந்தது. கோமதி தன் பையிலிருந்து ஒரு டிசைன் அட்டையை எடுத்து விசிறிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கம்ப்யூட்டருக்கு விசிறினாள்.

“அதுக்கு எதுக்குட்டி?”

“உங்க சாமானெல்லாம் அதுதானே தூக்கித் தூக்கி வைக்குது. வேர்க்காதா?”

இன்வெர்ட்டர் ஒருமுறை கூவியது. ஆவுடையப்பன் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

“டீச்சர், இப்ப நான் எங்க இருக்கேன்?”

“பாதி பழைய இடத்துல. பாதி புது இடத்துல.”

“வலிக்குதா?” என்றாள் கோமதி.

அவர் சிரித்துவிட்டார். அட்டை இப்போது அவர் பக்கமும் வந்து வந்து போனது.

கரண்டு வருவதற்கு முன்பே வேலை முடிந்தது. ஜெபக்கனி பச்சையைப் பிடித்து நடுவில் கிடந்த சாம்பல் முழுவதையும் அதில் சேர்த்தாள். பென் டிரைவை உருவிவிட்டுக் கம்ப்யூட்டரைப் புதிதாகப் போட்டாள். கறுப்புத் திரையில் இரண்டு வரியும் வந்தன. மேல் வரி திறந்தது, கீழ் வரியும் திறந்தது.

கோமதி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பாதியில் நின்றிருந்த பல்லக்கைத் திறந்தாள். சேமித்தாள். திரை ஒன்றும் சொல்லவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. பல்லக்கு தூக்குகிறவன் தலைப்பாகைக்கு நிறம் மாற்றிப் பார்த்தாள்.

“முன்னால ஒரு குதிரை வைக்கலாம்,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் போனது. ஜெபக்கனி ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்து ஒரு ஆட்டோவை நிறுத்தினாள்.

“எங்க போகணும்னு கேக்காரு, அக்கா.”

குடையை ஜன்னல் கம்பியிலிருந்து எடுக்கப் போன ஆவுடையப்பன் எடுக்காமல் நின்றார்.

“வேற எங்க? வீட்டுக்குத்தான்,” என்றாள் கோமதி. “மத்தியானம் முழுக்க மனுஷன் தூங்கல. கண்ணைப் பாருங்க, எப்படிச் சிவந்து கிடக்குன்னு.” பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

ஆவுடையப்பன் வாசல்வரை போனார். திரும்பி வந்தார்.

“டீச்சர்.”

“சொல்லுங்க.”

“நன்றியெல்லாம் வேண்டாம். கிடைச்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

கரண்டு வந்தது. மின்விசிறி மெல்லச் சுற்றத் தொடங்கியது. ஜெபக்கனி மேஜைமேல் பறக்கப் பார்த்த மூக்குத்தித் திருகுக் கவரின்மேல் ஸ்க்ரூடிரைவரை எடுத்து வைத்தாள்.

“ஆட்டோவுல எந்தப் பக்கம் இடம் கிடக்குன்னு போய்ப் பாருங்க, அண்ணாச்சி.”

அவர் இறங்கினார். கோமதி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தூரத்து ஓரத்துக் கம்பியோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். ஏறுகிற பக்கம் முழு இருக்கையும் காலியாக இருந்தது.

அவர் ஏறி உட்கார்ந்தார். வீடு வரும்வரை ஒன்றும் கேட்கவில்லை.