தூக்குச்சட்டி அமெரிக்காவில் தங்கிவிட்ட காரணம்

"ஏட்டி வடிவு, அமெரிக்கா போறேன்னு எங்க அம்மா தூக்குச்சட்டிய வாங்கிட்டுப் போன. நீ வந்துட்ட, கொழுந்தன் வந்துட்டாரு, பெட்டி அம்புட்டும் வந்துட்டு. தூக்கு எங்கட்டி?"

கேட்டது பிரமு அக்கா. என் ஓரகத்தி, இவருடைய அண்ணன் மனைவி. கேட்ட இடம் பெருமாள்புரத்தில் அவள் வீட்டு ஹால். ஏற்கெனவே ஒருதரம் கேட்டு, அப்போது காபி வந்ததால் தப்பித்தேன். இன்னொரு தரம் கேட்டபோது கரண்ட் போனது. இப்போது காபியும் குடித்தாயிற்று, கரண்டும் இருக்கிறது.

அவள் அவசரமும் நியாயம்தான், அதை நான் மறுக்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை அவள் மகள் சொர்ணத்துக்கு வளைகாப்பு. சம்பந்தி வீட்டுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோக வேண்டும். புளியோதரை அவள் அம்மா கொடுத்த தூக்கில்தான் போக வேண்டுமாம். 'உலகம்மாள்' என்று பேர் வெட்டின எவர்சில்வர் தூக்கு. அதே பேர் மூடியிலும் உண்டு. அந்தக் காலத்தில் மூடி காணாமல் போகிறதைத்தான் பெரிய கவலையாக நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது.

நான் கான்வென்ட்டில் படித்தவள். கேள்வி கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும் என்று சிஸ்டர் பிலோமினா அடித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பதில் எதுவாக இருக்க வேண்டும் என்பது பற்றி அவர் ஒன்றும் வற்புறுத்தவில்லை.

"சொல்றேன். நடுவுல யாரும் பேசக் கூடாது," என்றேன். உடனே அத்தான், அதாவது அக்கா வீட்டுக்காரர், தொண்டையைக் கனைத்தார். மின்சார ஆபீசில் இன்ஜினியராக இருந்து ரிட்டையர் ஆனவர். எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார். மனைவி வைத்த சாம்பாரைக்கூட.

விஷயம் இதுதான். மகளும் மாப்பிள்ளையும் எங்களை புளோரிடாவுக்கு ராட்டினம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஊர் முழுக்க ராட்டினம்தான். ஓட்டலில் ரூம் போடுவதை விட்டுவிட்டு, மாப்பிள்ளை ஒரு வீட்டு வண்டி வாடகைக்கு எடுத்தார். அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் வண்டிக்குள்ளேயே. அதைக் கொண்டுபோய் நிறுத்துவதற்கென்றே தோப்பு மாதிரி ஒரு இடம். அவரவர் வண்டிக்கு அவரவர் குழாய், அவரவர் கரண்டுப் பெட்டி, சாக்கடைக்கு ஒரு ஓட்டை. நடுவில் நீச்சல் குளம். இதற்குப் பேர் ரிசார்ட். படித்த மாப்பிள்ளை, சாக்கடைக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறார், பார்க்கிற அமெரிக்கர்கள் எல்லாம் குட்மார்னிங் சொல்கிறார்கள். அங்கே அதுதான் கௌரவம்.

"வண்டி நீளம்னா அப்படியொரு நீளம்," என்றேன். முன்னால் சமைக்கிற நான் பின்னால் படுத்திருக்கிற இவரைக் காபி குடிக்கக் கூப்பிட போன்தான் பண்ண வேண்டும். ஒருநாள் என் பக்கம் நல்ல வெயில், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போன் பண்ணினால் இவர் அங்கே மழை பெய்கிறது என்கிறார்.

அத்தான் ஆரம்பித்தார். "அம்புட்டு நீள வண்டிய எப்படி வளைவுல திருப்பினாங்க?"

"திருப்பவே இல்ல அத்தான். நேரா போனோம், அப்படியே ரிவர்ஸ்ல வந்துட்டோம்."

எங்கள் வண்டிக்குப் பின்னால் ஒரு குளம். முதலைக்குத் தீனி போடாதே என்று போர்டு வைத்திருக்கிறார்கள். நான் எங்கே போட்டேன்? மோர் மிளகாய்தான் வறுத்தேன். கமறல் தாங்காமல் குளத்துக்குள் இருந்து நாலு தும்மல். கொஞ்ச நேரத்தில் ஒரு முதலை படியேறி வந்து, கண்ணெல்லாம் கலங்க, அடுப்படியில் நிற்கிறது. எனக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷ்தான் வரும். விருந்தாளியாக வருகிறவர்கள் கதவைத் தட்டிவிட்டு வர வேண்டும் என்று சிஸ்டர் பிலோமினா பாணியில் ஒரு பிடி பிடித்தேன். அது வெளியே போய், வாலால் கதவைத் தட்டிவிட்டு, மறுபடி உள்ளே வந்தது. இரண்டு மிளகாய் தின்றுவிட்டுப் போனது.

"முதலைக்கு இங்கிலீஸ் தெரியுமாக்கும்," என்றாள் அக்கா.

"அமெரிக்க முதலைக்கு வேற என்ன பாஷை தெரியும்?"

இவர் பக்கம் திரும்பி, "ஏங்க, சொல்லுங்களேன்," என்றேன். இவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே, வெயில் ஜாஸ்திதான் என்றார். கட்டினவர் சாட்சி சொல்கிற லட்சணம் இவ்வளவுதான்.

தூக்கு எங்கே என்று அக்கா மறுபடியும் ஆரம்பித்தாள். வந்துவிட்டேன், தூக்குக்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன். ஊர் சுற்றப் போனால் காலையில் ரொட்டி தின்கிற வழக்கம் நமக்கு உண்டா? இட்லி மாவு அரைத்து, அக்கா தூக்கில் கழுத்துவரை ஊற்றி, மூடியை ஓங்கித் தட்டி இறுக்கி, வண்டி அலமாரியில் வைத்தேன். வண்டிக்குள் ஏசி ஓடிக்கொண்டேதான் இருக்கும், மாவு மெதுவாகப் புளிக்கும் என்பது என் கணக்கு. கணக்கெல்லாம் சரிதான். ராட்டினத்துக்குக் கிளம்பும்போது இவர் என்ன செய்தார்? வெளியே போய் மெயினை அணைத்துவிட்டார்.

"அது யாரு சொல்லிக்கொடுத்த பழக்கம்?" என்று கேட்டேன்.

அத்தான் விசிறியைப் பார்த்தார். வீட்டை விட்டு எங்கே கிளம்பினாலும் மெயினை அணைக்க வேண்டும் என்று இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் ஓதினவர் அவர்தான். கல்யாண மண்டபத்தில் ரூம் கொடுத்தால்கூட இவர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேரும் கிளம்பும்போது மெயினைத் தேடுவார்கள்.

"மெயின அணைச்சது சரிதான்," என்றார் அத்தான், குரல் இறங்கி. "மாவு வச்சது தப்பு."

அடைத்த வண்டி, மேலே புளோரிடா வெயில், உள்ளே நெல்லைக்காரி கையால் கரைத்த மாவு. நாங்களோ ராட்டினத்துக்கு வரிசையில் நிற்கிறோம். அந்த வரிசையைச் சொல்ல வேண்டும் என்றால், எங்களுக்கு முன்னால் சின்னப் பையனாக நின்றவன் ஏறுகிற இடத்துக்குப் போகும்போது மீசையோடு இருந்தான். ஒருவழியாக ராட்டினம் உச்சிக்குப் போய் நின்றது. எல்லோரும் கண்ணை மூடிக் கத்துகிறார்கள். நான் மட்டும் நம் வண்டி தெரிகிறதா என்று பார்த்தேன். தோப்புப் பக்கம் வெள்ளையாக ஒன்று எழும்புகிறது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி, புதுசாக ஒரு பனிமலை கட்டுகிறார்கள் போல என்று சந்தோஷப்பட்டாள். எனக்கு வாசனை வந்துவிட்டது. உளுந்து.

அதற்குள் ஒரு சத்தம். அதுவரை மாவோடு ஏறிவந்த மூடி தெறித்துவிட்டது. எங்கள் தலைக்கு மேலே, மேகத்தைக் கிழித்துக்கொண்டு, வெயிலில் மின்னிக்கொண்டு போயிற்று. வாணவேடிக்கை என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். போனது போனதுதான். திரும்பி வரவில்லை.

"மூடியுமா போச்சு?" என்றாள் அக்கா. அவள் குரலில் என்னவோ இருந்தது. நான்தான் வேகத்தில் கவனிக்கவில்லை.

"கண்ணால பாத்தேன் அக்கா. நிலாப் பக்கம் போச்சு."

ஓடி வந்து பார்த்தால், மாவு ஜன்னல் வழியாக, கதவு வழியாக, சாக்கடைக் குழாய் வழியாகப் பொங்கித் தோப்பையே மூடியிருக்கிறது. எங்கள் வண்டி அதன்மேல் பனைமர உயரத்தில் மிதக்கிறது. அந்த வெயிலில் கீழே குளத்துத் தண்ணீர் கொதித்து ஆவி கிளம்ப, அத்தனை மாவும் அப்படியே வெந்து ஒரே இட்லி. முதலை நல்லவேளையாகக் கரையேறி, மிளகாய்க்குக் காத்துக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய இட்லிக்குச் சாம்பார் எங்கே வைப்பது? நீச்சல் குளத்தை இறைத்துவிட்டு அதிலேயே வைத்தேன். கிழவர்கள் ஓட்டுகிற குட்டி வண்டிகள் நிறைய அங்கே சுற்றிக்கொண்டிருக்கும். நாலைந்தை உள்ளே இறக்கிச் சுற்றிச் சுற்றி ஓட்டச் சொன்னேன். கட்டி தட்டாமல் வந்தது.

அத்தான் பெருங்காயம் எவ்வளவு போட்டாய் என்று கேட்டார். அவரை அறியாமல் கேட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அப்புறம் அவர் வாயே திறக்கவில்லை.

வாசனை ராட்டினம் வரைக்கும் போயிற்று. ஏறி உட்கார்ந்தவர்கள் இறங்கிவிட்டார்கள். பாதியில் போய்க்கொண்டிருந்தவர்கள் குதித்துவிட்டார்கள். கூட்டம் மொத்தமும் என் வண்டிக்கு முன்னால் வரிசையில். ராட்டினத்து மேனேஜர் டை அவிழ்ந்து தொங்க ஓடி வந்து, அம்மா, நாங்கள் பிள்ளைகுட்டிக்காரர்கள், சமையலை நிறுத்துங்கள் என்று கெஞ்சுகிறார். போனால் போகிறது என்று அடுப்பை அணைத்தேன். ஆனால் தூக்கை மட்டும் அவர்கள் விடவில்லை. ரிசார்ட் வாசலில் மேடை கட்டி, அதன்மேல் வைத்து, மாலை போட்டுவிட்டார்கள். வெட்டியிருக்கிற பேர் என்னவென்று கேட்டார்கள். எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுத்தேன். இன்றைக்கு அந்தத் தோப்புக்கு வருகிற ஒவ்வொரு வெள்ளைக்காரனும் 'உலகம்மாள்' என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுத்தான் வண்டியை நிறுத்துகிறான்.

"இப்ப சொல்லுங்க," என்றேன். "உங்க அம்மா பேரை அமெரிக்காவுல நிறுத்திட்டு வந்திருக்கேன். அதை ஒரு வளைகாப்புக்காகப் பிடுங்கிட்டு வரச் சொல்றீங்களா?"

அக்கா எழுந்தாள். அழப்போகிறாள் என்றுகூட நினைத்தேன். அடுப்படிக்குப் போனாள். ஏதோ டப்பாக்கள் உருளும் சத்தம். திரும்பி வந்து ஒரு எவர்சில்வர் மூடியை டீப்பாய்மேல் எனக்கு முன்னால் வைத்தாள். சுற்றி வெட்டியிருந்த பேரை முந்தானையால் துடைத்தும் காட்டினாள்.

"போன வாரம் அவியல் கொடுத்தனுப்பினியே, சட்டிய இதை வச்சுத்தான் மூடியிருந்த."

இவர் முறுக்குக் கடிப்பதை நிறுத்தினார். அத்தான் மூடியைக் கையில் எடுத்து, விளிம்பைத் தடவி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

"பாத்தீங்களா?" என்றேன். "நான் சொன்னப்ப யாராவது நம்பினீங்களா? நேரா நம்ம வீட்டுலயே வந்து விழுந்திருக்கு."

அக்கா மூடியை அத்தான் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அங்க இப்ப மழைக்காலம் அக்கா," என்றேன். "தூக்கு பாவம், திறந்து கிடக்கு. அந்த மூடியையும் கொடுத்தீங்கன்னா மகளுக்குப் பார்சல்ல அனுப்பிடுவேன்."