நாற்பதாவது ஆள்

எங்கள் ஊரில் கடிகாரம் பழுதுபார்த்த மிர்சா காசிம் ஷியாக்காரர்; ஊரின் மற்ற முஸ்லிம்கள் சுன்னிகள். அவர் இறந்தபோது, உடலைச் சுமந்து வந்த ஜனாஸாவை அடக்கம் செய்யும் மையவாடியின் வாசலிலேயே மறித்தார் பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி உபைதுல்லா ஹாஜியார்.

"மறுமையில் நமக்காகப் பரிந்து பேச நபி இருக்காங்க. அது போதாதுன்னு இமாம்களை நம்பினவனுக்கு இங்கே இடமில்லை. நபியைத் தவிர வேற ஆளோட சிபாரிசைத் தேடினவன் நம்ம ஜமாஅத்தில் உண்டா? ஒருத்தனைக் காட்டு, குழி தர்றேன்!"

மிர்சாவின் தம்பி தலைகுனிந்து நின்றார். குழிவெட்டி சிக்கந்தர் மண்வெட்டியைத் தரையில் ஓங்கிக் குத்தினான்.

"காட்டுறேன். போன மாசம் உங்க வாப்பா ஜனாஸாவை ஒரு மணி நேரம் வெயில்ல காக்க வச்சீங்களே, எதுக்கு?"

"நாற்பது பேர் சேரணுமேடா! நாற்பது பேர் நின்னு தொழுதா, அவங்க சிபாரிசை அல்லாஹ் ஏத்துக்குவான்."

"நாற்பது பேரும் நபிமார்களா, ஹாஜியார்? தராசில் கை வைக்கிற கறிக்கடை கபூரும்தானே நின்னான்! அவன் பரிந்து பேசலாம், நபியோட பேரன் இமாம் ஹுசைன் பேசக்கூடாதா? அல்லாஹ் அனுமதிச்சாத்தான் யாருமே பேச முடியும்னு மிர்சாவும்தான் சொல்லுவார்."

ஹாஜியார் வாசலை விட்டு விலகினார். சிக்கந்தர் கூட்டத்தை எண்ணினான். கோபம் இன்னும் அடங்கவில்லை.

"விலகினா போதாது. உங்களை விட்டா இங்கே முப்பத்தொன்பது பேர்தான் இருக்கோம். வந்து தொழுகை வரிசையில நில்லுங்க!"