தண்ணீர் கொண்டுபோன பெயர்

“தாயி, என்னைய இங்கயே வச்சுக்கங்க. இனி அந்த ஊருக்குத் திரும்புறதா இல்ல.”

வெள்ளைக்கண்ணு குகை வாசலில் நின்றபடிதான் இதைச் சொன்னார். உட்காரச் சொன்னால் உட்காருகிற ஆளாக அவர் இருந்து மூன்று வருடம் ஆகிறது.

குகையில் துறவியாக இருந்த சாமியம்மா அவரைவிடப் பத்து வயது இளையவள். புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“ஊரு என்ன செஞ்சிச்சுண்ணே?”

“எம்மகளை மறந்துருச்சு.”

மலையடிவாரத்து ஊருக்கு அவர்தான் நீர்பாய்ச்சி. கண்மாய் மடையைத் திறப்பதும் அடைப்பதும், வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் விடுவதும் அவர் வேலை. அந்தக் கண்மாயில்தான் அவருடைய பதினோரு வயது மகள் மூழ்கிப்போனாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். தண்ணீர் கொண்டுபோனவர்களின் பெயரை வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் தண்ணீர் இன்னொருத்தரைக் கேட்குமாம். இதை யார் சொன்னது, எப்போது சொன்னது என்று கேட்டால் ஆளாளுக்கு வானத்தைப் பார்ப்பார்கள். ஆனால் மீறியவர் ஒருத்தரும் இல்லை.

“மூணு வருசம், தாயி. ஒரு வாயில இருந்தும் அவ பேரு வரல. அது காதுக்கு எப்பிடிக் கேக்கும்னு எனக்கே மறந்துக்கிட்டு வருது. மடைக்குப் போனா தண்ணியப் பாக்க முடியல. வீட்டுக்கு வந்தா சுவத்தப் பாக்க முடியல. காவி குடுங்க. இங்கயே கிடந்துட்டுப் போறேன்.”

“மதினி?”

“அவ தம்பி வீட்டுல இருந்துக்கிருவா. எங்களுக்குள்ள பேச்சுன்னு என்ன இருக்கு? சோறு வைப்பா, திம்பேன்.”

சாமியம்மா ஒரு கொட்டையைச் சுண்டி எறிந்தாள்.

“காவி தாரேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. அந்தப் பேரைச் சொல்ல விடாமத் தடுக்கிற ஆளு யாருன்னு பாத்து, அவுககிட்ட ஒரு உத்தரவு வாங்கிட்டு வாங்க.”

“மலையில உக்காந்து சொல்றதுக்கு அவுக உத்தரவு எதுக்கு?”

“வேணாமா? அப்ப இப்பவே சொல்லுங்க.”

வெள்ளைக்கண்ணு வாயைத் திறந்தார். மூடினார்.

மலை இறங்கினார்.

கோயில் பூசாரி கருத்தமுத்து மண்குதிரைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் மட்டையைக் கீழே போட்டுவிட்டார்.

“நானா தடுக்கிறேன்? சாமி எந்தக் காலத்துலய்யா பேரைச் சொல்லாதன்னு சொன்னுச்சு? அவளுக்குத் திருநீறு பூச நான் எத்தனை தரம் குனிஞ்சிருப்பேன்! எனக்கும் சொல்லணும்னுதான் இருக்கு. அம்பலகாரரை நெனச்சாத்தான்... ஊரு மொறைய மீறுனா மனுசன் குதிச்சுருவாரு.”

ஊர்ப் பெரியவரான அந்த அம்பலகாரர் முகம் நிறைய சோப்பு நுரையோடு வாசலில் நின்றார். குதிக்கவில்லை. துண்டை எடுத்து நுரையைத் துடைத்தார்.

“எம்பேத்தி அவகூடப் படிச்ச புள்ள. ‘தாத்தா, அவளப் பத்திப் பேசலாமா’ன்னு கேக்குது. நான் வாயப் பொத்துறேன். எனக்காகவா பொத்துறேன்? பிள்ளை குட்டி வச்சிருக்கிற பொம்பளைக பயந்துருவாளுகப்பா. ஒன் பக்கத்து வீட்டுப் பேச்சி இருக்காள்ல, மூணு பிள்ளை. அவ காதுல விழுந்தா ஊரு ரெண்டாயிரும்.”

வெள்ளைக்கண்ணுக்கு எரிச்சல் ஏறியது. ஒரு ஆளைப் பிடிக்கப் போனால் அந்த ஆள் இன்னொரு வீட்டைக் காட்டுகிறார். இது என்ன கூத்து!

பேச்சி பணியாரக் குழியில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“நான் பயந்தேன்னு எந்த எடுபட்டவன் சொன்னது?”

முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“அண்ணே, அவ தெனமும் வந்து கருகுன பணியாரமாப் பாத்துக் கேப்பா. அது மொறுமொறுன்னு இருக்குமாம். இன்னைக்கும் ஒண்ணைக் கருகவிட்டுத்தான் எடுக்கேன். யாருக்குன்னு எம்பிள்ளைக கேட்டா ‘மறதியில கருகிருச்சு’ன்னு சொல்லுதேன்.”

“பெறகு ஏன் பேரைச் சொல்ல மாட்டேங்குற?”

“ரெண்டு வீட்டுக்கும் ஒத்தைச் சுவருண்ணே. நான் வாயத் தொறந்தா மதினிக்குக் கேக்கும். பெத்த வயிறு தாங்குமா?”

கருகிய பணியாரத்தை வாழையிலைத் துண்டில் மடித்துக் கொடுத்தாள். வெள்ளைக்கண்ணு அதை வாங்கிக்கொண்டு தன் வீட்டு வாசலைத் தாண்டி நேரே மலைக்கே ஏறினார்.

“ஆளு தெரிஞ்சுபோச்சு, தாயி. எம்பொண்டாட்டிதான். அவகிட்ட நான் கேக்க மாட்டேன். செத்துருவா.”

“அவுக சொன்னாகளா?”

“சொல்லணுமா? பதினஞ்சு வருசமாக் குடும்பம் நடத்துறேன். அவ மனசு எனக்குத் தெரியாதா?”

“பூசாரிக்கு அம்பலகாரரு மனசு தெரிஞ்ச மாதிரியா?”

சாமியம்மா அடுத்த புளியை எடுத்தாள். வெள்ளைக்கண்ணு கொஞ்ச நேரம் குகைக்கும் பாறைக்கும் நடந்தார். பிறகு மறுபடியும் இறங்கினார். போகிற வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே போனார்.

வீட்டில் அவர் மனைவி சிவனம்மா சோறு வைத்தாள். அவர் இலைத் துண்டைத் தட்டுக்குப் பக்கத்தில் பிரித்து வைத்தார்.

அவள் பார்த்தாள். கையிலிருந்த கரண்டி குழம்புச் சட்டிக்குள்ளேயே விழுந்தது.

“யாரு குடுத்தா?”

“பேச்சி. தெனமும் ஒண்ணைக் கருக விடுதாளாம்.”

அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“ஒரு பேரை நான் சொன்னா... நீ தாங்குவியா?”

“நானா?”

மூன்று வருடத்தில் அந்த வீட்டில் இவ்வளவு சத்தம் எழுந்ததில்லை.

“நானா தாங்க மாட்டேன்? பதினாறாம் நாளு கழிச்சு இதே இடத்துல வச்சுத்தான் நான் அவளக் கூப்புட்டேன். வாய் தவறிக் கூப்புட்டேன். நீங்க தட்டைத் தள்ளிவிட்டு மடைக்குப் போனீக. பொழுது சாய்ற வரைக்கும் வரல. போனவுக அந்தத் தண்ணியிலயே எறங்கிட்டா நான் என்ன செய்வேன்? அன்னைக்குக் கட்டுனதுதான் இந்த வாயி. கெணத்தடிக்குப் போயிக் குடத்துக்குள்ள மொகத்த வச்சுச் சொல்லிட்டு வாரேன், உங்க காதுல விழுந்துறக் கூடாதுன்னு.”

அவருக்கு அந்த நாள் நினைவே இல்லை. தட்டு மட்டும் நினைவுக்கு வந்தது. அது போய் நிலைப்படியில் முட்டி நின்றது.

கால்கள் தாமாக எழுந்தன.

சிவனம்மா அந்தக் கால்களையே பார்த்தாள்.

“போங்க. மடையடைக்கணும்னு சொல்லிட்டுப் போங்க.”

வெள்ளைக்கண்ணு நிலைப்படி வரைக்கும் போனார். அங்கே நின்றார். ரொம்ப நேரம் நின்றார். பிறகு திரும்பி வந்து அவளுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து, காலை மடக்கி, உட்கார்ந்தார்.

பணியாரத்தை இரண்டாகப் பிட்டார். ஒரு பாதியை அவள் கையில் வைத்தார்.

“பூவழகி.”

பாதிதான் குரலாக வந்தது. இன்னொரு தடவை சொன்னார்.

“பூவழகி.”

சுவருக்கு அந்தப் பக்கம் பணியாரக் கம்பியின் சத்தம் நின்றது.

“அண்ணே,” என்றாள் பேச்சி. “இன்னொருக்காச் சொல்லுங்க.”