ஒரே ஒரு கட்டம்

திருநெல்வேலியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் உலகம்மாளின் ஆபீஸ் இருந்தது. கணினிக்கு நிரல் எழுதுகிற தொழிலில் அவரை ஆசிரியர் என்றே பலரும் சொல்வார்கள். வயது முப்பத்தேழுதான். அவரிடம் தொழில் கற்க வந்த இருதயராஜுக்கு ஐம்பத்திரண்டு. உலகம்மாள் அவரை அண்ணாச்சி என்பார், இருதயராஜ் இவரை மேடம் என்பார். இதில் யார் குரு, யார் சீடர் என்று டீக்கடைக்காரர் ஒரு மாதம் குழம்பிப் போயிருந்தார்.

இருதயராஜ் அதற்கு முன் கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையின் கணினிப் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்தவர். முதலாளி எதைக் கேட்டாலும் "செஞ்சிரலாம் முதலாளி" என்று சொல்லிப் பழகியவர். ஆலையை மூடிவிட்டார்கள். அந்தச் சொல் மட்டும் அவர் கூடவே வந்துவிட்டது.

ஆபீஸில் எழுதிய மென்பொருளுக்கு நங்கூரம் என்று பெயர். ஒரு பெரிய கணினிக்குள் பல சின்னக் கணினிகள் தனித்தனியாக இருப்பதாகப் பாவித்து வேலை வாங்குவது இப்போது எல்லா இடத்திலும் நடக்கிறது. அப்படிப்பட்ட கணினிகளைத் தொடங்கவும் நிறுத்தவும், பாதி வேலையில் உறங்க வைத்து மறுபடி எழுப்பவும் நங்கூரம் உதவும். ஆனால் அதற்கு ஒரே ஒரு நிறுவனத்தின் கணினிகளைத்தான் தெரியும். அந்த நிறுவனத்தின் பெயர் நிரலுக்குள் முந்நூறு இடத்தில் இருந்தது.

"அந்தப் பேரை உள்ள இருந்து எடுத்துருங்க அண்ணாச்சி," என்றார் உலகம்மாள். "எந்த நிறுவனமா இருந்தாலும் சரி, அதுக்குன்னு தனியா ஒரு சின்ன நிரல், ஒரு பிளகின், எழுதி வெளியில இருந்து செருகினா ஓடணும்."

"செஞ்சிரலாம் மேடம்."

நாலு மாதம் பிடித்தது. ஆனால் செய்துவிட்டார். முந்நூறு இடத்திலும் அந்தப் பெயரைப் பிடுங்கி, அதையும் ஒரு பிளகினாக்கி, வெளியில் வைத்தார். உள்ளே வர விரும்பும் எந்தப் பிளகினும் தொடங்கு, நிறுத்து, உறங்க வை என்று இருபத்துநாலு வேலைகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டார். ஒன்று குறைந்தாலும் நங்கூரம் வாசலிலேயே நிறுத்திவிடும். உலகம்மாள் முழுவதையும் படித்துப் பார்த்துச் சரி என்றார்.

வெளியூர்களில் இருந்து ஐந்து பேர் தங்களுக்குத் தெரிந்த நிறுவனங்களுக்குப் பிளகின் எழுதி அனுப்பினார்கள். ஐந்தும் இருபத்துநாலுக்கு இருபத்துநாலு. அன்றைக்கு இருதயராஜ் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை ராபியா என்ற ஆராய்ச்சி மாணவியிடம் இருந்து மின்னஞ்சல் வந்தது.

கடல் நீரோட்டம் பற்றிய ஒரு கணக்கை அவர் நங்கூரத்தின் மூலம் ஓட்டிக்கொண்டிருந்தார். முடிய இருபது நாள் ஆகும். பத்தொன்பது நாள் ஓடியிருந்தது. கல்லூரியில் வேறு ஒருவருக்கு இரண்டு நாள் இடம் தேவைப்பட்டதால் 'உறங்க வை' என்பதை அழுத்தினார். 'உறங்கிவிட்டது' என்று நங்கூரம் சொன்னது. எழுப்பிப் பார்த்தபோது கணினி புதிதாகப் பிறந்ததுபோல் இருந்தது. கணக்கைக் காணோம்.

கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: 'ஆய்வேட்டை ஒப்படைக்க இருபத்திரண்டு நாள்தான் இருக்கிறது. கணக்கு திரும்பக் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் காத்திருக்கிறேன்.'

இருதயராஜ் ராபியாவின் கணினிக்கான பிளகினைத் திறந்து பார்த்தார். அது பேசுகிற நிறுவனத்தில் உறங்க வைக்கும் வசதியே கிடையாது. பிளகின் கணினியை ஒரேயடியாக அணைத்துவிட்டு, 'ஆயிற்று' என்று பதில் சொல்லியிருந்தது. அவருக்கு ரத்தம் கொதித்தது. நேரே உலகம்மாளின் மேஜைக்குப் போனார்.

"பச்சைப் பொய் மேடம். இல்லாத வசதியை இருக்குன்னு சொல்லியிருக்கான். இந்தப் பிளகினைத் தூக்கி எறிஞ்சிருவோம்."

உலகம்மாள் மின்னஞ்சலை இரண்டு தடவை படித்தார்.

"ராபியாவுக்குப் பதில் போட்டாச்சா?"

"போட்டுருதேன் மேடம். முதல்ல இவனுங்களுக்கு ஒரு வழி பண்ணணும். நீங்க ஒண்ணு சொல்லுங்க. ஒரு பிளகின் பொய் சொல்லாம இருக்க என்ன சட்டம் போடலாம்?"

உலகம்மாள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஏதோ எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்ததும் தாளை அவரிடம் நீட்டினார்.

"இதை நிரப்பிக் குடுங்க அண்ணாச்சி. ஒரு கட்டம் காலியா இருந்தாலும் வாங்க மாட்டேன்."

தாளில் ஆறு வேலைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். கட்டங்களுக்கு மேலே 'செய்வேன்' என்று எழுதியிருந்தது.

இருதயராஜ் படித்தார். ஐந்து பிளகின்களையும் மறுபடி சோதிக்க வேண்டும். அவர் பேனாவை எடுத்து டிக் போட்டார். புதிய கையேடு எழுத வேண்டும், டிக். அதைக் கன்னடத்தில் மொழிபெயர்க்க வேண்டும். பேனா கொஞ்சம் நின்றது, பிறகு டிக். வெள்ளிக்கிழமை முழு நாளும் ஆபீஸில் இருக்க வேண்டும். பேனா இன்னும் கொஞ்சம் நேரம் நின்றது. அதற்கும் டிக் போட்டார். மிச்சம் இரண்டையும் அவர் சரியாகப் படிக்கவே இல்லை.

உலகம்மாள் தாளை வாங்கிப் பார்த்தார்.

"அண்ணாச்சிக்குக் கன்னடம் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"வெள்ளிக்கிழமை உங்க மகளுக்கு நிச்சயம்னு சொன்னீங்க. ஆபீஸ்ல எல்லாருக்கும் பத்திரிகை குடுத்தீங்க."

"ஆமா மேடம்."

"பெறகு எதுக்கு டிக் போட்டீங்க?"

இருதயராஜுக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

"தாள்ல வேற கட்டம் இல்லையே மேடம்," என்றார்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

"நானும்தான் அந்த இருபத்துநாலையும் படிச்சேன்," என்றார் உலகம்மாள். "இன்னொரு கட்டம் வேணும்னு எனக்கும் தோணல."

இருதயராஜ் தன் இடத்துக்குத் திரும்பி அந்தப் பிளகினை மறுபடி திறந்தார். காலையில் கோபத்தில் 'ஆயிற்று' என்ற வரியை மட்டும்தான் பார்த்திருந்தார். அந்த வரிக்கு மேலே, பிளகினை எழுதியவர் ஒரு குறிப்பு வைத்திருந்தார். 'இந்த வசதி இங்கே கிடையாது. அதை எங்கே சொல்வது என்று தெரியவில்லை. மன்னிக்கவும்.'

இருதயராஜ் அதை மறுபடி படித்தார். காலையில் அந்த மனிதரை 'அவன்' என்று பேசியது வெட்கமாக இருந்தது.

பிறகு வேலையில் இறங்கினார். இருபத்துநாலு வேலைகளுக்கும் 'ஆயிற்று' என்பதோடு 'இங்கே இயலாது' என்ற பதிலையும் நங்கூரம் ஏற்றுக்கொள்ளும்படி மாற்றினார். இயலாது என்று சொல்லும் பிளகினையும் இனி வாசலில் நிறுத்தாது. உறங்க வைக்க முடியாத கணினிக்கு அந்தப் பொத்தானே திரையில் தெரியாது. சின்ன மாற்றம்தான். மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது.

உலகம்மாள் படித்துப் பார்த்தார். இந்தத் தடவை நிதானமாகவே படித்தார்.

"நல்லா வந்திருக்கு அண்ணாச்சி. ராபியாவுக்கு?"

"எழுதிட்டேன் மேடம். நீங்க ஒருதரம் பாத்துட்டா அனுப்பிரலாம்."

கடிதத்தைத் திரையில் காட்டினார். மில்லில் இருந்த காலத்தில் கடிதம் எழுதுவதற்கு இருதயராஜ்தான் என்று பெயர் வாங்கியவர். அந்தக் கை இன்னும் போகவில்லை.

'அன்புள்ள ராபியா அவர்களுக்கு, வணக்கம். தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றோம். தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம். குறைபாட்டைச் சரிசெய்துவிட்டோம். தங்கள் கணக்கை மீட்டுத் தர ஆவன செய்து வருகிறோம்.'

உலகம்மாள் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"மீட்க முடியுமா அண்ணாச்சி?"

"அது எப்படி மேடம் முடியும்? அணைச்சா போச்சு. ஒண்ணும் மிஞ்சாது."

"ஒப்படைக்க எத்தனை நாள் இருக்கு?"

"இருபத்திரண்டு."

"கணக்கை மறுபடி முதல்ல இருந்து ஓட்டினா?"

"இருபது நாள்..."

இருதயராஜுக்கு ராபியா எழுதிய கடைசி வரி நினைவுக்கு வந்தது, 'கிடைக்கும் என்றால் காத்திருக்கிறேன்.' கீழே பாத்திரக் கடையில் யாரோ குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"எடுத்த எடுப்பில முடியாதுன்னு சொன்னா அந்தப் பொண்ணு மனசு ஒடிஞ்சிருமேன்னு பாத்தேன் மேடம்," என்றார் மெதுவாக.

உலகம்மாள் திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"இந்தக் கடுதாசியை எந்தப் பிளகின் எழுதுச்சு அண்ணாச்சி?"