ஒரு வீட்டு அகலம்

ஊர் என்ற சொல்லே பிறக்காத ஒரு காலம் இருந்தது, கேளுங்கள். கடல்களுக்கு அப்பால் மாயர் என்ற மக்கள் மக்காச்சோளம் விதைத்து, காட்டுக்குள் இங்கொரு குடிசை அங்கொரு குடிசையாகச் சிதறிக் கிடந்தார்கள். யார் செத்தாலும் குடிசைத் தரைக்கு அடியிலேயே புதைப்பார்கள். செத்தவர்களும் வீட்டோடு இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

எப்போது விதைப்பது என்பதுதான் அவர்களுக்குப் பெரிய தொல்லை. ஒருவன் முந்துவான், விதையை எறும்பு தின்னும். இன்னொருவன் பிந்துவான், பயிர் காயும். மூவான் என்பவனுக்கு மட்டும் அது பிசகாது. தன் வாசலில் நின்று, எந்த மலைப் பிளவில் சூரியன் எழுகிறது என்று பார்த்துச் சொல்லிவிடுவான்.

எல்லோரும் கூடிப் பேசினார்கள். கிழக்கே ஒரு நீள மேடு, அதன் உச்சியில் ஒரு கல். நடுவே பெரிய முற்றம். மேற்கே நின்று பார்க்க ஒரு மேடு. கல்லின் தலையில் சூரியன் உட்காரும் நாளில் அத்தனை பேரும் ஒன்றாகக் கும்பிட்டு, ஒன்றாக விதைப்பது. அதற்கு ஊர் என்று பெயர் வைத்தார்கள். இடம் குறிக்கும் பொறுப்பு மூவானுக்கு வந்தது.

கிழக்கு மேடு வரும் இடத்தில் தூன் கிழவரின் குடிசை. தரைக்கு அடியில் அவர் மனைவி. "ஊருக்காக, பெரியவரே," என்றான் மூவான். கிழவர் தோண்டி எடுத்துக்கொண்டு போனார்.

முற்றம் வரும் இடத்தில் சகேல் என்ற விதவையின் குடிசை. தரைக்கு அடியில் அவள் கைக்குழந்தை. "ஊருக்காக, தங்கச்சி," என்றான். அவள் அழுதுகொண்டே தோண்டினாள்.

மேற்கு மேடு வரும் இடத்தில் மூவானின் குடிசை. தரைக்கு அடியில், போன மழைக்காலத்தில் காய்ச்சலில் போன அவன் மகள். இடம் குறிக்க அடித்திருந்த முளைக்குச்சியைப் பிடுங்கி, ஒரு வீட்டு அகலம் தெற்கே தள்ளி அடித்தான்.

அவன் மனைவி நிக்தே பார்த்துவிட்டாள். "அந்த ரெண்டு பேர் முகத்துல நான் எப்படிங்க முழிப்பேன்?"

"ஒரு வீட்டு அகலம்தானே? சூரியனுக்கு அது தெரியவா போகுது?"

கூடை கூடையாக மண் சுமந்தார்கள். கிழக்கு மேடு எழுந்ததும் மலை அதன் பின்னால் மறைந்துபோயிற்று. இனி யாரும் சரிபார்க்க முடியாது. பாவி, அதில் அவனுக்கு ஒரு நிம்மதி வேறு!

அந்த ஆண்டு மழை நேரத்துக்கு வந்தது. தெற்கே தள்ளிப் போட்ட மேற்கு மேட்டில் நின்று பார்த்தால், நாளுக்கு நாள் வடக்கே நகரும் சூரியன் இன்னும் கல்லுக்கு வரவில்லை. மூவானின் வாசலில் நின்று பார்த்தாலோ, சரியாகக் கல்லின் தலையில் உட்கார்ந்திருந்தது.

"இன்னைக்குத்தாங்க. போய்ச் சொல்லுங்க," என்று கெஞ்சினாள் நிக்தே.

"சொன்னா, இந்தத் தரையைத் தோண்டணும்."

ஜனங்கள் விதையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தார்கள். "இன்னும் நாள் வரலை, பொறுங்க," என்றான் மூவான்.

பொறுத்தார்கள். நாள் வந்தபோது மழை போயிருந்தது. பிந்தி முளைத்த சோளம் விரல் உயரத்திலேயே கருகியது. முதலில் பசி வந்தது. பிறகு தூன் கிழவர் செத்துப்போனார். பிறகு ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வந்த வழியே சிதறினார்கள்.

மூவான் வீட்டுக்கு வந்தபோது நிக்தே தரையைத் தோண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சகேல் உட்கார்ந்து மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வேலை அவளுக்குப் பழகியதுதான்.

"என்ன செய்யறே?" என்று அலறினான்.

"எல்லாரும் கிளம்பிட்டாங்க. ஆளில்லாத காட்டுல எம் பொண்ணை மட்டும் தனியா விட்டுட்டு வர மாட்டேன்."

மூவான் இரண்டு பெண்களின் காலிலும் விழுந்து, ஒன்றையும் மறைக்காமல் சொல்லி அழுதான். சகேல் எலும்புகளைப் பாயில் சுற்றி நிக்தேயின் கையில் கொடுத்தாள். தன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தன் வழியே போனாள்.

ஊருக்கென்று போட்ட கோட்டைத் தனக்கென்று வளைப்பவன், ஊரையும் இழப்பான், எதைக் காக்க வளைத்தானோ அதையும் இழப்பான்.